நிறுவல் எழுதப் பழகுதல்: கூற்றிலிருந்து முடிவிலி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சாதாரண தரத்தில் கணிதத்துக்கு நல்ல பெறுபேறு பெற்ற பிள்ளைகள்கூட, உயர்தரத்தில் இணைந்த கணிதத்தையோ அளவையியலையோ தொடங்கிய சில வாரங்களில் தடுமாறுவதைத் திருகோணமலை நகரிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் பலர் கண்டிருப்பார்கள். கணக்குச் செய்யும் திறமை அவர்களிடம் குறைந்துவிடவில்லை. அதுவரை “விடை காண்க” என்று கேட்ட வினாத்தாள் இப்போது “நிறுவுக” என்று கேட்கிறது. விடை என்பது எண்ணாக இல்லாமல் வாக்கியங்களின் வரிசையாக மாறிவிடுகிறது. அந்த வாக்கியங்களை எப்படி வாசிப்பது, எப்படி மறுப்பது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எந்த உரிமையில் நகர்வது என்பதை அவர்களுக்கு யாரும் ஆறுதலாகச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். இந்த வழிகாட்டி அதற்காகவே எழுதப்படுகிறது. கருத்தியலான கணிதத்தின் வாசல் கடினமான சூத்திரங்களில் இல்லை, “எனின்”, “எல்லா”, “ஏதேனும் ஒன்று” என்ற மூன்று சொற்களைப் பிழையறக் கையாள்வதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு கொப்பியும் பேனையும் போதும், கணிப்பான் தேவையில்லை. எண்களைக் குறிக்க ம, ப, த ஆகிய எழுத்துகளைப் பயன்படுத்துவோம்.

முதற் படி: எது கூற்று, எது கூற்றன்று

உண்மை அல்லது பொய் என்று தீர்மானிக்கத்தக்க வாக்கியமே கூற்று. “கோணேசர் ஆலயம் சுவாமி மலையில் அமைந்துள்ளது” என்பது உண்மையான கூற்று. “திருகோணமலை இலங்கையின் மேற்குக் கரையில் உள்ளது” என்பது பொய்யானது, ஆயினும் அதுவும் கூற்றே. பொய்யாக இருப்பதனால் ஒரு வாக்கியம் கூற்றென்ற தகுதியை இழப்பதில்லை. “நிலாவெளிக்கு எப்போது போகலாம்?” என்பதும் “கதவை மூடு” என்பதும் கூற்றுகள் அல்ல. “ம + 3 = 10” என்பதும் அப்படியே நின்றால் கூற்றன்று, ஏனெனில் ம என்னவென்று சொல்லும்வரை அதை உண்மையென்றோ பொய்யென்றோ கூற முடியாது. இந்தக் கடைசி வகையைக் கவனித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படியில் அதற்கு உயிர் கொடுப்போம்.

கூற்றுகளை “அல்ல”, “மற்றும்”, “அல்லது” என்பவற்றால் இணைக்கலாம். இவற்றில் “அல்லது” மட்டும் ஒரு சிறு விளக்கம் வேண்டுவது. தேநீர்க் கடையில் “பிளேன்டியா கோப்பியா?” என்று கேட்டால் இரண்டில் ஒன்றையே எடுப்போம். கணிதத்தின் “அல்லது” அப்படியன்று: இரண்டும் உண்மையாக இருந்தாலும் இணைந்த கூற்று உண்மைதான். “12 என்பது 3 ஆல் வகுபடும் அல்லது 4 ஆல் வகுபடும்” என்பது முழுக்கச் சரியான கூற்று.

இரண்டாம் படி: “எனின்” என்ற சொல்

இங்கே அவசரப்படாமல் நில்லுங்கள். உயர்தர மாணவர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லின் கீழ்தான் ஒளிந்திருக்கின்றன.

“போயா தினமெனின் பாடசாலைக்கு விடுமுறை” என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். இக்கூற்று எப்போது பொய்யாகும்? போயா தினத்தில் பாடசாலை நடந்தால் மாத்திரமே. போயா தினத்தில் பாடசாலை மூடியிருந்தால் கூற்று காப்பாற்றப்படுகிறது. போயா அல்லாத ஒரு சனிக்கிழமை பாடசாலை மூடியிருந்தாலும், போயா அல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை திறந்திருந்தாலும் கூற்றுக்கு எந்தப் பழுதும் இல்லை, ஏனெனில் போயா அல்லாத நாட்களைப் பற்றி அது எதையும் சொல்லவேயில்லை. பாடப் புத்தகத்தின் உண்மை அட்டவணையில் “முற்பகுதி பொய்யானால் முழுக் கூற்றும் உண்மை” என்று வரும் வரியைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். அந்த வரி சொல்வது இதைத்தான். முற்பகுதி உண்மையாகிப் பிற்பகுதி பொய்யாகும் ஒரே ஒரு நிலையில்தான் எனின்-கூற்று முறிகிறது.

அடுத்து, ஒரு எனின்-கூற்றைத் திருப்பிப் பார்ப்போம். கொழும்புக் கோட்டையிலிருந்து கிழக்கு நோக்கி வரும் புகையிரதப் பாதை கல்லோயாச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை திருகோணமலைக்கும் மற்றொன்று பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கும் செல்கிறது. ஆகவே “ஒருவர் கொழும்பிலிருந்து புகையிரதத்திலேயே திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார் எனின், அவர் கல்லோயாச் சந்தியைக் கடந்திருக்கிறார்” என்பது உண்மை. இதன் இரு பகுதிகளையும் இடம்மாற்றினால் கிடைப்பது மறுதலை: “கல்லோயாச் சந்தியைக் கடந்தார் எனின், திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார்.” இது பொய், அவர் மட்டக்களப்புக்குப் போயிருக்கலாம். இரு பகுதிகளையும் மறுத்து, அதன்பின் இடம்மாற்றினாலோ, “கல்லோயாச் சந்தியைக் கடக்கவில்லை எனின், திருகோணமலைக்குப் புகையிரதத்தில் வந்து சேரவில்லை” என்று வரும். இது உண்மை, மூலக் கூற்று சொன்ன அதே செய்தியை மறுபக்கத்திலிருந்து சொல்கிறது. இவ்வழிகாட்டியில் இதை “மறுத்துத் திருப்பிய வடிவம்” என்று அழைப்போம். இடம்மாற்றாமல் மறுக்க மட்டும் செய்தால், “திருகோணமலைக்கு வரவில்லை எனின் கல்லோயாவைக் கடக்கவில்லை” என்றாகும். அதுவும் மறுதலையைப் போலவே நம்பத்தகாதது.

கல்லோயாவைக் கடப்பது இங்கே தேவையான நிபந்தனை. போதிய நிபந்தனை அன்று. இந்த இரண்டையும் வேறுபடுத்தத் தெரிந்தவருக்கு “இருந்தால், இருந்தால் மட்டுமே” என்று வரும் தேற்றங்களை இரண்டு தனித்தனி வேலைகளாகப் பிரித்து நிறுவ வேண்டும் என்பது தானாகவே விளங்கும். கி.மு. 300 அளவில் வாழ்ந்த கிரேக்கக் கணிதவியலாளர் யூக்கிளிட், தம் நூலின் முதற் பகுதியில் பைதகரஸ் தேற்றத்தை 47 ஆவது முடிவாக நிறுவிவிட்டு, அதன் மறுதலையை 48 ஆவதாகத் தனியே நிறுவினார். மறுதலை இங்கே உண்மையாக இருந்தும் அதற்கென ஒரு நிறுவல் தேவைப்பட்டது, இலவசமாகக் கிடைக்கவில்லை.

மூன்றாம் படி: “எல்லா”, “ஏதேனும் ஒன்று”

“ம + 3 = 10” என்பதைக் கூற்றாக்க இரண்டு வழிகள் உண்டு. “எல்லா முழு எண்கள் ம இற்கும் ம + 3 = 10” என்றால் அது பொய்யான கூற்று. “ம + 3 = 10 ஆகுமாறு ஏதேனும் ஒரு முழு எண் ம உண்டு” என்றால் அது உண்மையான கூற்று. இந்த இரண்டு அளவுச் சொற்களையும் குறியீடுகளாக்கி முறையான தருக்க மொழியொன்றை 1879 இல் முதன்முதலில் அமைத்தவர் ஜேர்மனியக் கணிதவியலாளர் கொட்லொப் ஃபிரேகே.

மறுக்கும்போது இச்சொற்கள் ஒன்று மற்றொன்றாக மாறும். பிரெட்ரிக் கோட்டைப் பகுதியில் புள்ளிமான்கள் தாராளமாக உலாவுவதை நாம் அறிவோம். “நகரத்து மான்கள் எல்லாம் கோட்டைக்குள்ளேயே நிற்கின்றன” என்று ஒருவர் சொன்னால், அதை மறுப்பவர் எல்லா மான்களும் வெளியே நிற்பதாகக் காட்டத் தேவையில்லை. கடற்கரையில் நிற்கும் ஒரே ஒரு மானைக் காட்டினால் போதும். அந்த ஒற்றை மான்தான் எதிர் உதாரணம். மறுபுறம், “ஏதேனும் ஒரு மான் வெளியே நிற்கிறது” என்பதை மறுப்பதற்கோ ஒவ்வொரு மானையும் தேடிப் பார்த்தாக வேண்டும்.

நமது பேச்சுத் தமிழ் இவ்விடத்தில் சற்று ஆபத்தானது. “எல்லாக் கடைகளும் திறக்கவில்லை” என்று சந்தையிலிருந்து திரும்பிய ஒருவர் சொன்னால், ஒரு கடையும் திறக்கவில்லை என்றும் கொள்ளலாம், சில கடைகள் மட்டும் திறந்திருந்தன என்றும் கொள்ளலாம். பேச்சில் குரலும் சூழலும் பொருளைத் தெளிவாக்கிவிடும். விடைத்தாளில் குரல் கேட்காது. ஆகவே “எல்லா... இல்லை” என்ற அமைப்பை நிறுவல்களில் அறவே தவிர்த்து, “ஒரு கடையும் திறக்கவில்லை” என்றோ “திறக்காத கடை ஒன்றாவது உண்டு” என்றோ எழுதுங்கள்.

இரண்டு அளவுச் சொற்கள் ஒரே வாக்கியத்தில் வரும்போது வரிசை முக்கியமாகிறது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. “ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு வாளி உண்டு” என்றால் ஏழு வாளிகள் இருக்கலாம். “ஒரு வாளி உண்டு, அதுவே ஒவ்வொரு கிணற்றுக்கும் உரியது” என்றால் ஏழு கிணறுகளுக்கும் பொதுவான ஒரே வாளி. “ஒவ்வொரு எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு” என்பது உண்மை. “ஓர் எண் உண்டு, அதுவே ஒவ்வொரு எண்ணையும்விடப் பெரியது” என்பது பொய். சொற்கள் ஏறத்தாழ அவையே, வரிசை மட்டுமே மாறியிருக்கிறது. பிற்காலத்தில் எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றின் வரைவிலக்கணங்களைப் படிக்கும்போது முழுச் சிக்கலும் இந்த வரிசையில்தான் கிடக்கும்.

இன்னுமொன்று: “கன்னியாவின் எட்டாவது கிணற்றிலுள்ள மீன்கள் எல்லாம் பொன்னிறமானவை” என்பது தருக்கப்படி உண்மை. எட்டாவது கிணறே இல்லாதபோது பொன்னிறமல்லாத மீன் ஒன்றை அதிலிருந்து யாராலும் எடுத்துக்காட்ட முடியாது. எதிர் உதாரணம் இல்லாத “எல்லா”-கூற்று உண்மையே. மூலகம் எதுவுமே இல்லாத சூனியத் தொடை எல்லாத் தொடைகளுக்கும் தொடைப்பிரிவாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

நான்காம் படி: வரைவிலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு நடத்தல்

“இரட்டை எண் என்றால் என்ன?” என்று கேட்டால் “2, 4, 6 மாதிரி” என்ற பதில் வரும். அது உதாரணம். ம = 2ப ஆகுமாறு ஒரு முழு எண் ப இருந்தால் ம இரட்டை எண்; ம = 2ப + 1 ஆகுமாறு ஒரு முழு எண் ப இருந்தால் ம ஒற்றை எண். இதுவே வரைவிலக்கணம். 0 இரட்டை எண்ணா என்ற பழைய சந்தேகம் இதனால் ஒரு வரியில் தீர்கிறது: 0 = 2 × 0, ஆகவே ஆம்.

இரண்டு ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை இரட்டை என்பதை நிறுவுவோம். ஒற்றை எண்கள் இரண்டும் 2ப + 1, 2த + 1 என்க. கூட்டினால் 2ப + 2த + 2, அதாவது 2(ப + த + 1). அடைப்புக்குள் இருப்பது முழு எண். ஆகவே கூட்டுத்தொகை இரட்டை. இந்த நான்கு வாக்கியங்களில் ஒரு நிறுவலின் எலும்புக்கூடு முழுவதும் இருக்கிறது: தரப்பட்டதை வரைவிலக்கணத்தால் எழுதினோம், விதிகளின்படி மாற்றினோம், மீண்டும் வரைவிலக்கணத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம். இரு எண்களுக்கும் ப என்ற ஒரே எழுத்தை இட்டிருந்தால் ஒரே எண்ணைத் தன்னோடு கூட்டியதாகவே ஆகியிருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

ஐந்தாம் படி: உதாரணங்களின் எல்லையை அறிதல்

ம² + ம + 41 என்ற கோவையில் ம இற்கு 0, 1, 2, 3 என்று இட்டால் 41, 43, 47, 53 கிடைக்கும்; எல்லாம் முதன்மை எண்கள். 39 வரை இட்டுக்கொண்டே போனாலும் முதன்மை எண்களே வரும். நாற்பது சோதனைகளும் வெற்றி. ம = 40 என்றதும் 1681 வருகிறது, அது 41 × 41. ஓய்லரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தக் கோவை, நாற்பது சாட்சிகள் ஒரே குரலில் சொன்னாலும் “எல்லா எண்களுக்கும்” என்ற சொல்லை எழுத நமக்கு உரிமை வராது என்பதைக் காட்டுகிறது. உதாரணங்கள் ஊகத்தைத் தரும், ஊகத்தை நம்பத் தூண்டும், நிறுவ மாட்டா.

ஆறாம் படி: நேர்வழி அடைபட்டால்

“ப² இரட்டை எனின் ப இரட்டை” என்பதை நேராக நிறுவ முயன்றால் ப² = 2த என்று எழுதி, வர்க்கமூலத்தில் சிக்கி நிற்போம். மறுத்துத் திருப்பிய வடிவத்தை எடுங்கள்: “ப ஒற்றை எனின் ப² ஒற்றை.” ப = 2ம + 1 என்றால் ப² = 4ம² + 4ம + 1 = 2(2ம² + 2ம) + 1. ஒற்றை. முடிந்தது. இரண்டு வடிவங்களும் ஒரே செய்தி என்பதைப் புகையிரதப் பாதையில் ஏற்கெனவே பார்த்துவிட்டபடியால், மூலக் கூற்றும் நிறுவப்பட்டாயிற்று.

இதைக் கையில் வைத்துக்கொண்டு 2 இன் வர்க்கமூலம் விகிதமுறா எண், அதாவது இரு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண், என்பதை நிறுவலாம். முரண்பாட்டால் நிறுவும் முறைக்கு இதைவிடச் செம்மையான மாதிரி கிடைப்பது அரிது. நிறுவ வேண்டியதற்கு எதிரானதை எடுத்துக்கொள்வோம்: √2 = ப/த என்க; ப, த முழு எண்கள்; பின்னம் முழுதாகச் சுருக்கப்பட்டது, அதாவது இரண்டுக்கும் 1 ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. வர்க்கித்தால் ப² = 2த². ஆகவே ப² இரட்டை; முன்னர் நிறுவியதன்படி ப இரட்டை; ப = 2ம என்க. பிரதியிட்டால் 4ம² = 2த², அதாவது த² = 2ம². ஆகவே த² இரட்டை, எனவே த இரட்டை. இப்போது ப, த இரண்டும் 2 ஆல் வகுபடுகின்றன. பொதுக் காரணி இல்லை என்று முதல் வரியில் எழுதியதோடு இது மோதுகிறது. எடுகோளிலிருந்து முரண்பாட்டுக்கு வந்த வழியில் ஒவ்வோர் அடியும் சரியானது. ஆகவே எடுகோளே தவறு.

“முழுதாகச் சுருக்கப்பட்டது” என்ற சொற்களை மாணவர் பலர் அலங்காரமென்று எண்ணி விட்டுவிடுவார்கள். அவற்றை எடுத்துவிட்டால் கடைசியில் முரண்படுவதற்கு ஒன்றுமே இருக்காது.

முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்ற யூக்கிளிட்டின் நிறுவலும் இந்த வகையில் பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. எல்லா முதன்மை எண்களையும் ஒரு பட்டியலில் அடக்கிவிட்டதாகக் கொண்டு, அனைத்தையும் பெருக்கி 1 ஐக் கூட்டினால், பட்டியலிலுள்ள எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி 1 வரும்; ஆகவே அந்தப் புதிய எண்ணின் முதன்மைக் காரணி ஒன்று பட்டியலுக்கு வெளியே இருந்தாக வேண்டும். புதிய எண்ணே முதன்மை எண் என்று எழுதிவிடாதீர்கள். 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031; இது 59 × 509. பட்டியலில் இல்லாத முதன்மை எண்கள் அதன் காரணிகளாக வந்து நிற்கின்றன.

கணிதத் தொகுத்தறிவு முறை வேறொரு வகையான கருவி. முதல் ம ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை ம² என்பதை எடுத்துக்கொள்வோம். ம = 1 எனின் 1 = 1², உண்மை. ப வரை உண்மையென்று கொண்டால், அடுத்த ஒற்றை எண் 2ப + 1; அதைக் கூட்டினால் ப² + 2ப + 1 = (ப + 1)². ஆகவே ப இற்கு உண்மையெனின் ப + 1 இற்கும் உண்மை. 1 இலிருந்து தொடங்கி எல்லா எண்களையும் எட்டிவிடுகிறோம். “நிறுவ வேண்டியதையே உண்மையென்று எடுத்துக்கொள்கிறோமே, சேர்?” என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள், கேட்கவேண்டிய கேள்வி அது. நாம் நிறுவுவது ப இற்கான கூற்றையன்று. “ப இற்கு உண்மையெனின்” என்று தொடங்கும் எனின்-கூற்றை. இரண்டாம் படியின் பாடமே இங்கும் வேலை செய்கிறது. தொடக்கப் படியை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, “ம = ம + 1” என்ற அபத்தத்தைப் பாருங்கள்: ப = ப + 1 எனின், இரு பக்கமும் 1 ஐக் கூட்ட ப + 1 = ப + 2. நகர்வு பிழையற்றது; ஆனால் 1 = 2 அன்று, ஆகையால் நகரத் தொடங்க இடமே இல்லை.

ஏழாம் படி: தொடைகளும் முடிவிலியும்

கன்னியாவின் கிணறுகளுக்கும் கிழமை நாட்களுக்கும் சங்கீதத்தின் சுரங்களுக்கும் பொதுவானது எது? ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு நாளை, ஒரு நாளும் மிஞ்சாமலும் இரட்டிக்காமலும் சோடி சேர்க்கலாம் என்பதே. இத்தகைய ஒன்றுக்கொன்றான தொடர்பு இருந்தால் இரு தொடைகளும் அளவில் சமம். “ஏழு” என்ற எண் அந்தச் சமத்துவத்தின் பெயர். நீர், நாள், ஒலி எல்லாவற்றையும் உதறிவிட்டு எஞ்சுவதைப் பிடிப்பதே கருத்தியலாக்கம்.

எண்ணாமலே ஒப்பிட முடிவதால் முடிவில்லாத தொடைகளையும் ஒப்பிடலாம். 1 இற்கு 2, 2 இற்கு 4, 3 இற்கு 6 என்று சோடி சேர்த்தால் இயற்கை எண்களும் நேர் இரட்டை எண்களும் அளவில் சமமாகின்றன. எல்லா முடிவிலிகளும் இப்படித்தானா என்ற கேள்விக்கு இல்லையென்று 1874 இல் ஜேர்மனியக் கணிதவியலாளர் ஜோர்ஜ் கன்ரர் காட்டினார். 1891 இல் அவர் வெளியிட்ட மூலைவிட்ட நிறுவலை இப்போது நீங்கள் முழுமையாக விளங்கிக்கொள்ள முடியும். 0, 1 ஆகியவற்றாலான முடிவில்லாத வரிசைகள் எல்லாவற்றையும் முதலாவது, இரண்டாவது என்று ஒரு பட்டியலில் அடுக்கிவிட்டதாகக் கொள்வோம். முதல் வரிசையின் முதலிலக்கத்தையும், இரண்டாவதன் இரண்டாம் இலக்கத்தையும், மூன்றாவதன் மூன்றாம் இலக்கத்தையும் இவ்வாறே எடுத்து, 0 ஆயின் 1 ஆகவும் 1 ஆயின் 0 ஆகவும் மாற்றி ஒரு புதிய வரிசை அமையுங்கள். அது பட்டியலின் முதல் வரிசையிலிருந்து முதலிலக்கத்தில் வேறுபடுகிறது, நூறாவதிலிருந்து நூறாம் இலக்கத்தில் வேறுபடுகிறது; ஆகவே பட்டியலில் எங்கும் இல்லை. எல்லாம் அடங்கிய பட்டியல் என்ற எடுகோள் முறிந்தது.

தொடை என்ற கருத்தை எல்லையின்றி நீட்டவும் முடியாது. தம்மைத் தாமே மூலகமாகக் கொள்ளாத தொடைகள் எல்லாவற்றினதும் தொடை, தனக்குள் அடங்குமா? அடங்குமெனின் அடங்காது, அடங்காதெனின் அடங்கும். 1901 இல் ஆங்கிலேயத் தத்துவஞானி பேட்ரண்ட் ரசல் கண்ட இந்த முரண்பாடு, அவர் 1902 இல் எழுதிய கடிதத்தின் வழியே ஃபிரேகேயை எட்டியபோது, ஃபிரேகேயின் பெருநூலின் இரண்டாம் பகுதி அச்சில் இருந்தது. எவற்றைத் தொடையெனக் கொள்ளலாம் என்பதற்கு விதிகள் வேண்டுமென்பது அதனால் உறுதியாயிற்று. 1908 இல் ஜேர்மனியக் கணிதவியலாளர் சேர்மெலோ அத்தகைய விதித்தொகுதியொன்றை வெளியிட்டார்.

எட்டாம் படி: நாள்தோறும் செய்யவேண்டியது

ஒரு நிறுவலை வாசித்ததும் புத்தகத்தை மூடி, வெறுந்தாளில் திரும்ப எழுதுங்கள். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அது வரைவிலக்கணத்தால் வந்ததா, எடுகோளால் வந்ததா, முன்னர் நிறுவிய முடிவால் வந்ததா என்று சிறிதாகக் குறியுங்கள். எதுவும் எழுத முடியாத வரி எதுவோ, அதுவே உங்களுக்கு விளங்காத இடம். நண்பர் ஒருவரோடு கொப்பிகளை மாற்றி, அவருடைய நிறுவலில் ஓட்டை தேடுவதும் மிகுந்த பயன் தரும், ஏனெனில் நம் எழுத்தில் விட்டுப்போனதை நம் மனம் தானாகவே நிரப்பிவிடும். மற்றவர் எழுத்தில் அப்படிச் செய்யாது.

பிறகு நிறுவலை வேண்டுமென்றே முறித்துப் பாருங்கள். √2 இற்கு எழுதியதை √3 இற்கு மாற்றி எழுதுங்கள். “ப² ஆனது 3 ஆல் வகுபடுமெனின் ப உம் 3 ஆல் வகுபடும்” என்பதை நீங்களே மறுத்துத் திருப்பி நிறுவ வேண்டியிருக்கும், அப்போது ப ஐ 3 ஆல் வகுக்கும்போது வரும் மீதி 1, மீதி 2 என்ற இரு நிலைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். அது கைகூடியதும் அதே வரிகளை √4 இற்கு எழுத முயலுங்கள். √4 என்பது 2, அது விகிதமுறு எண். ஆகவே நிறுவல் எங்கோ ஒரு வரியில் உடைந்தே தீரவேண்டும். எந்த வரி என்று கண்டுபிடிக்க, ப = 6 என்று இட்டு, 36 ஐயும் 6 ஐயும் தனித்தனியே 4 ஆல் வகுத்துப் பாருங்கள்.